எழுபத்தொன்றாம் தொகுதியின் உயரங்கள்

எழுபத்தொன்றாம் தொகுதியில் ஜெயிப்பவர், பத்து வாக்கு வித்தியாசத்துக்கு ஓர் அங்குலம் வீதம், தரையை விட்டு உயரே நிற்பார். மினசோட்டா மாநிலத்தின் மற்றத் தொகுதிகளில் இந்த வழக்கம் இல்லை. ஏன் இங்கே மட்டும் என்று தலைநகரிலிருந்து இரண்டு முறை ஆட்கள் வந்து பார்த்தார்கள். அளவுகோல் வைத்து அளந்தார்கள், காபி குடித்தார்கள், கணக்கு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1914-ல் தொகுதி பிரிக்கப்பட்டபோது முதலில் ஜெயித்தவர் டோர்வால்ட் ஆமோட், வெண்ணெய்ப் பண்ணைக்காரர். முப்பத்தொரு வாக்கில் வந்தவர் என்பதால் மூன்று அங்குலம். அவருக்கே அது தெரியாது. இரண்டு வருடமாக அவருடைய செருப்பின் அடி தேயவே இல்லையே என்று ஓஸ்டர்விக் ஊரின் செருப்புக்காரர் புகார் சொன்ன பிறகுதான், குனிந்து பார்த்த மனைவி கையிலிருந்த முட்டைக் கூடையைக் கீழே போட்டாள். முப்பதுகளில் ஜெயித்த எமில் க்விஸ்டாட் முன்னூற்றுச் சொச்சம் வாக்கில் இரண்டரை அடி உயர்ந்து, சட்டமன்ற வாசல் நிலையில் தினம் நெற்றியை இடித்துக்கொண்டார். 1938-ல் ஜெயித்த ஒருவர் பயந்துபோய்ப் பதவியேற்க மறுத்தார். ஆனாலும் ஜனவரியில் பதவிக்காலம் தொடங்கிய நாள் நண்பகலில், மாட்டுத் தொழுவத்தில் நின்றபடியே எழும்பினார். உடனே ராஜினாமா எழுதினார். இறங்கவில்லை. போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது என்று மாவட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். 1946-ல் இருவருக்கும் சம வாக்கு விழுந்து, காசு சுண்டிப்போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சாதாரண மனிதனைப்போலத் தரையில் நடந்தார். அதனாலேயே ஊரில் ஒருவரும் அவரை முழுசாக நம்பவில்லை. 1958-ல் பால்மர் ஹாகன் பதவியேற்ற பிறகும் மறு எண்ணிக்கை நடந்தது. ஒவ்வொரு பெட்டி திறக்கும்போதும் அவர் ஏறினார், இறங்கினார். வசந்தம் வரும்வரை அவர் வயிற்றில் சோறு தங்கவில்லை.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியவை. சிரிக்க முடியாதது 1974-ல் நடந்தது. அந்த வருடம் எதிரே நின்றவர் பிரசாரத்தின் நடுவிலேயே ஊரைவிட்டுப் போய்விட, ஆர்வில் லிண்ட்கிரென் இரண்டாயிரத்து நூறு வாக்கில் ஜெயித்தார். பதினேழரை அடி. பதவிக்காலம் தொடங்கிய நண்பகலில் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கூரை எட்டடி. வாக்குகளுக்குக் கூரை தெரியாது. அவரை மேலே கொண்டுபோய் விட்டத்தோடு அழுத்தின, இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. ஜன்னல் வழியாக அவரை வெளியே எடுக்கப் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். கயிறு கட்டிக் கீழே இழுத்துப் பார்த்ததில் கயிறு இடுப்பை அறுத்ததே தவிர அவர் இறங்கவில்லை. இரண்டு குளிர்காலத்தை வைக்கோல் கிடங்கின் உயரமான கூரைக்கடியில் கழித்தார். இறங்கி வந்தபோது முகம் அறுபது வயதைத் தாண்டியிருந்தது. உண்மையில் அவருக்கு நாற்பத்தெட்டு.

அதற்கப்புறம் இரண்டு கட்சிப் பெரியவர்களும் லூதரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் எதிரே ஒருவர் நின்றாக வேண்டும், நின்று கௌரவமாகத் தோற்க வேண்டும். எந்தக் குடும்பம் எந்த வருடம் தோற்பது என்று முறை வைத்தார்கள். தோற்றவருக்குத் தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில் விருந்து நடக்கும். ஜெயித்தவரும் வந்து பரிமாறுவார். வெகு சீக்கிரத்தில் ஜெயிப்பதைவிடத் தோற்பதற்கு ஊரில் மரியாதை கூடிவிட்டது. நல்லபடியாகத் தோற்றவர்களுக்கு வரன் தேடுவது சுலபமாக இருந்தது.

1980 முதல் தொடர்ந்து ஜெயித்துவந்தவர் கால்நடை மருத்துவர் ஹார்லன் பிரெக்கி. தொகுதியில் அவர் கைபடாமல் பிறந்த கன்றுக்குட்டி அபூர்வம். பனிப்புயலில் வண்டி சிக்கிக்கொண்டால் நடந்து வருவார். நடந்து வந்தாலும் தரையிலிருந்து ஓரடி உயரம் என்பதால் பனியில் கால் புதையாது. நூறு, நூற்றைம்பது வாக்கு வித்தியாசத்திலேயே அவரை ஊர் வைத்துக்கொண்டது. அவர் மனைவி ஆர்டிஸ் பள்ளிக்கூடத்தில் சமையல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பதினான்கு வருடமாக அண்ணாந்து பார்த்தே கணவனிடம் பேசிப் பழகியவள். அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை.

1994-ல் தோற்கும் முறை வெர்னன் ஸ்கார் குடும்பத்துடையது. வெர்னன் கடைவீதியில் ஆணி, சுத்தியல், பெயின்ட் விற்பவர். அந்த வசந்தத்தில் அவருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தது. ஜூன் மாதம் வேட்புமனுக் கெடு வந்தது, போனது. பெயரை விலக்கிக்கொள்ளும் கெடுவும் வந்தது, போனது. அடுத்த வாரம் நாய்க்கு உரிமம் புதுப்பிக்க மாவட்ட அலுவலகத்துக்குப் போன ஆர்டிஸ், சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். எழுபத்தொன்றாம் தொகுதிக்கு நேரே ஒரே ஒரு பெயர். தேர்தல் அலுவலர் டெலோரஸ் வென்ஸல் அவளோடு ஒன்றாகப் படித்தவள்.

"டெலோரஸ், இதுல வெர்னன் பேரு எங்க?"

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"பாத்துக்கிட்டே இருந்தியா? ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?"

"எப்படிக் கேக்கறது ஆர்டிஸ்? ஆபரேஷன் ஆன மனுஷன். 'மறந்துட்டீங்களா'ன்னு கேட்டா, 'மறந்துட்டீங்க'ன்னு சொல்லிக் காட்டற மாதிரி இருக்காதா?"

ஆர்டிஸ் நாயைக் கதவருகே மறந்துவிட்டு நேரே வெர்னன் வீட்டுக்குப் போனாள். அவர் சாய்வு நாற்காலியில் போர்வையோடு இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் போர்வையைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தார்.

"நான் படுத்துக் கெடந்தேன்ல, வேற யாராச்சும் என் எடத்துல பேர் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். குடுத்தீங்களான்னு கேட்டா, ஏன் குடுக்கலன்னு சண்டைக்குப் போற மாதிரி ஆயிடும். அதான் கேக்கல."

ஊரில் ஒவ்வொருவரும் இதே காரணத்துக்காகத்தான் கேட்கவில்லை என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. போட்டியே இல்லாமல் ஒருவர் ஜெயிப்பது எழுபத்தொன்றாம் தொகுதியில் அதுவரை நடந்ததில்லை. தொகுதியில் ஓட்டுப் போடுகிறவர்கள் பதினாலாயிரம் பேர். அத்தனையும் ஒருவருக்கே விழுந்தால் நூற்றுப் பதினாறடிக்கு மேல். எந்தக் கூரையும் அவரைக் கொன்றுவிடும். திறந்த வெளியில் இருந்தால், பூஜ்யத்துக்கு முப்பது பாகை கீழே போகும் ஜனவரி கொன்றுவிடும். இந்தக் கணக்கை வெர்னனே பழைய ரசீது ஒன்றின் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு, விடையைச் சொல்ல முடியாமல் தாளை ஆர்டிஸிடம் நீட்டினார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. வாக்குச்சீட்டில் அச்சடித்த பெயருக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். விரும்பினால் அதில் வேறு யார் பெயரையும் எழுதலாம். அந்தக் கோட்டில் தன் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பது என்று ஆர்டிஸ் முடிவு செய்தாள். ஹார்லன் சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஓரடி உயரத்தில் நின்று கேட்டார்.

"எனக்கு எதிரா ஓட்டுக் கேக்கப் போறியே, என்னப் பத்தி என்ன கெட்டது சொல்லுவே?"

"குறட்டை விடறீங்கன்னு சொல்லுவேன்."

"அது அடுத்த பண்ணை வரைக்கும் கேக்குது. புதுசா ஏதாவது சொல்லு."

கோடையும் இலையுதிர்காலமும் அவள் பழைய டிரக்கில் தொகுதி முழுக்கச் சுற்றினாள். சோள வயல் நடுவே, பால் கறக்கும் கொட்டகையில், கடை வாசலில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில் என்று எங்கேயும் ஒரே பேச்சுதான். "டாக்டர் நல்லவர்தான், நான் இல்லைன்னு சொல்லல. எனக்கு அவர் தரையில வேணும். கீழ இருக்கிற கோட்டுல என் பேர எழுதுங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். "அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு. உக்காரு, காபி குடிச்சிட்டுப் போ." அவள் ஒரு வீட்டிலும் மறுப்பு வாங்கவில்லை. அங்கேதான் அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளும் அந்த ஊரில் பிறந்தவள்தானே. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் ஆளை அவளும் ஆயுளில் பார்த்ததில்லை.

நவம்பரில் தேர்தல் நடந்தது. ஹார்லன் பிரெக்கிக்கு 13,986. ஆர்டிஸ் பிரெக்கிக்கு ஒன்று.

மறுநாள் காலை ஓஸ்டர்விக் காபிக் கடையில் வானொலி இந்த எண்களைப் படித்தபோது, அப்பம் புரட்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பம் கருகிற வாசனை வந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. தவறாகப் படித்துவிட்டார்கள் என்று ஒருவர் முனகினார். வானொலி இன்னொரு முறை படித்தது. பிறகு ஒருவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் கேட்டார்:

"நீயும் அவருக்கா போட்டே?"

"நீங்கள்லாம் ஆர்டிஸ் பேர எழுதுவீங்கன்னு நெனச்சேன். என் ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போவுதுன்னு…"

"நானும் அதேதான்."

"மனுஷனுக்கு மொத்தமா ஒண்ணுமே விழலன்னா மனசு கஷ்டப்படாதா? என் பசுவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தவருய்யா அவரு."

"எல்லாரும் இப்படியே நெனச்சிருக்கீங்களேய்யா. பாவிங்களா."

"நீ மட்டும் யாருக்குப் போட்டே?"

திட்டியவர் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். வெர்னன் ஸ்கார் தன் காபிக்குக் காசு வைத்துவிட்டு, தொப்பியை எடுக்காமல் வெளியே போய், பனியில் வெறுந்தலையோடு நின்றார். அவரும் ஹார்லனுக்குத்தான் போட்டிருந்தார். தன்னால் வந்த வினைக்கு ஒரு மரியாதையாவது செய்யலாம் என்று. அந்த ஒற்றை வாக்கு ஆர்டிஸுடையது என்பதில் மட்டும் தொகுதியில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பதினாலாயிரம் பேர் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்ற, மனைவி ஒருத்தி மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்று தேவாலயத்தில் போதகரே சொன்னார். ஆர்டிஸ் முன்வரிசையில் உட்கார்ந்து தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஊர் வேலை செய்தது. கூட்டுறவுச் சங்கத்தின் தானியக் கோபுரம் நூற்றிருபதடி. அதன் உச்சிச் சன்னலுக்குச் சற்றுக் கீழே அவர் வந்து நிற்பார் என்று கணக்கிட்டார்கள். வாடைக்காற்று படாத பக்கமாகத் தகரத்தால் மூன்று தடுப்புகள் அடித்தார்கள். புதுக் கன்றுகளுக்குச் சூடு காட்டும் சிவப்பு விளக்குகளை ஒவ்வொரு பண்ணையும் கொண்டுவந்து கொடுத்தது. வெர்னன் கடையில் இருந்த கயிறு முழுதையும் இலவசமாகத் தந்தார். ஜனவரியில் பதவிக்காலம் தொடங்கிய நாள், ஹார்லன் ஆட்டுத்தோல் கோட்டும் பனிவண்டிக்காரர்கள் போடும் முழு உடுப்புமாகக் கோபுரத்தடியில் நின்றார். தேவாலய மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. ஆர்டிஸ் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"அடுப்புல ஏதாவது வெச்சிட்டு வந்தியா?" என்றார்.

"பேசாம இருங்க."

அவள் நுனிக்காலில் நின்றாள். அப்புறம் அவளுடைய கால்களும் தரையை விட்டன. அதற்குமேல் பிடித்திருக்க வேண்டாம் என்று அவரே விரல்களை விடுவித்தார். வயலில் நின்ற நூற்றுக்கணக்கானவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். அவ்வளவு பேரும் தாங்கள் செய்ததை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சாகவில்லை. காலை மாலை கப்பியில் வாளி ஏறியது. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்து வேகவைத்த ஹாட்டிஷ், லெஃப்ஸா ரொட்டி, காபி. பாலங்களும் மின்கம்பிகளும் குறுக்கே இருந்ததால் தலைநகருக்கு அவரைக் கொண்டுபோக முடியவில்லை. சட்டமன்றத்தில் தொலைபேசி மூலம் வாக்களித்தார். மேலேயிருந்து பார்த்தால் பன்னிரண்டு பண்ணைகளின் மாடுகள் தெரியும் என்பதால், எது நொண்டுகிறது, எது தீனி எடுக்கவில்லை என்று ஒலிபெருக்கியில் கூவிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் குளிர்காலத்தில் இடது காதின் நுனி உறைந்து போனது. கனடா வாத்துகள் முதல் வருடம் அவரைச் சுற்றிக்கொண்டு பறந்தன, இரண்டாவது வருடம் அவர்மேல் உட்கார்ந்தன.

1996 வந்தது. ஹார்லன் மனுக்கொடுக்கவில்லை. வேறு யாரும் கொடுக்கவும் இல்லை. மேலே ஒரு மனிதர் குளிரில் நிற்கும்போது அவருடைய இடத்துக்கு ஆசைப்படுவது அழகாக இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். வாக்குச்சீட்டில் வெற்றுக் கோடு மட்டும் இருந்தது. ஆர்டிஸ் மறுபடியும் டிரக்கை எடுத்தாள். "யார் பேர வேணாலும் எழுதுங்க. உங்க பேரயே எழுதுங்க. எல்லாரும் ஒரே பேர மட்டும் எழுதிடாதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன்." எல்லாரும் தலையாட்டினார்கள். காபி கொடுத்தார்கள். ஆனால் இரண்டு வருடமாக அவள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். போன முறை கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. இந்த முறை நாம் ஒருவராவது அவள் பெயரை எழுதிப் பாவத்தைத் தீர்த்துக்கொள்வோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்மானித்தார்கள்.

ஆர்டிஸ் பிரெக்கிக்குப் பதினாலாயிரத்து எண்பது வாக்குகள் விழுந்தன. மற்றப் பெயர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. டெலோரஸ் முடிவைப் படிக்கும்போது பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். காபிக் கடையில் அன்று ஒருவரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆர்டிஸ் மட்டும் வீட்டுக்குப் போய் இரண்டு வருடத்துக்குத் தேவையான கம்பளிக் காலுறைகளை எடுத்து வைத்தாள்.

அந்த ஜனவரி நண்பகலில் அவர் இறங்கத் தொடங்கினார், அவள் எழும்பத் தொடங்கினாள். இரண்டும் ஒரே வேகம். கோபுரத்தின் நடுவில், கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் இடத்தில், இருவரும் எதிரெதிரே வந்தார்கள். பதினாறு வருடத்துக்குப் பிறகு அண்ணாந்தோ குனிந்தோ பார்க்காமல் முகத்துக்கு நேரே முகம். அவர் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். அவள் டிரக் சாவியை அவர் பையில் போட்டாள்.

"அடுப்புல ஹாட்டிஷ் இருக்கு. மேல மூடி போட்டிருக்கேன்" என்றாள். பிறகு, நேரம் குறைவு என்பதால், அவசரமாக: "ஹார்லன், அன்னிக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு என்னுது இல்ல. உள்ள போனேன், பேனா எடுத்தேன். எப்பவும் போடற மாதிரி உங்களுக்கே போட்டுட்டு வந்துட்டேன். கை கேக்கல."

"தெரியும்" என்றார். "அது என்னுது."

அதற்குள் அவள் காலணிகள் அவர் கண்ணுக்கு நேரே வந்துவிட்டன. அவர் ஒரு காலணியின் அவிழ்ந்த நாடாவைக் கட்டினார். முடிச்சுப் போட்டு முடிக்கும்போது கை எட்டாமல் போனது.

அடுத்த இரண்டு வருடம் வாளி மேலே போனது. சமைத்தது ஹார்லன் என்பதால் பாதி நாள் வாளி அப்படியே திரும்பி வந்தது. தினமும் மூன்று மணிக்குக் கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏறி, உச்சிச் சன்னலில் உட்கார்ந்து அவளோடு காபி குடித்தார். 1998-ல் வேட்புமனு தொடங்கும் காலை, டெலோரஸ் அலுவலகக் கதவைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்கு எதிரா?" என்றாள் டெலோரஸ்.

"என் பொண்டாட்டிக்கு எதிரா. அவளும் கையெழுத்துப் போட்டுட்டா, இந்தா." ஆர்டிஸின் மனு வாளியில் இறங்கி வந்திருந்தது. அதன் ஓரத்தில் காபிக் கறை.

இரண்டு பெயரும் அச்சாகி வந்தபோது தொகுதி திகைத்து நின்றது. புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதா? ஒருவருக்குப் போட்டால் இன்னொருவர் மனம் நோகுமே. இந்த முறை யாரும் தனியாக யோசிக்கவில்லை, அவ்வளவு பயம். எல்லா வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்தார்கள்: கணவன் ஹார்லனுக்கு, மனைவி ஆர்டிஸுக்கு. தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிவைத்துக்கொண்டார்கள். ஆர்டிஸ் ஏழு வாக்கில் ஜெயித்தாள். ஜனவரியில் மெதுவாக இறங்கிவந்து, ஓர் அங்குலம்கூட இல்லாத உயரத்தில் நின்றாள். வெர்னன் ஸ்கார் வயலில் கூடியிருந்த கும்பலின் நடுவே உரக்க அழுதார். ஓஸ்டர்விக்கில் ஆண்பிள்ளை ஒருவர் வெளியிடத்தில் அழுதது அதுதான் முதல் தடவை. அதைக் கண்டும் காணாததுபோல எல்லாரும் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் இருவருமே எதிரெதிரே நிற்கிறார்கள். சில முறை அவர் ஜெயிக்கிறார், சில முறை அவள். தோல்வி விருந்தை இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் டெலோரஸ் முழங்காலிட்டு, ஜெயித்தவரின் காலணிக்கடியில் ஒரு வாக்குச்சீட்டை நுழைத்து மறுபக்கம் எடுத்து, முடிவு சரி என்று அறிவிக்கிறாள். வாக்குச்சாவடிக்குள் ஹார்லன் ஆர்டிஸுக்கும் ஆர்டிஸ் ஹார்லனுக்கும்தான் போடுகிறார்கள் என்பது தொகுதியில் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு வாக்குகளும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடுவதால் உயரத்தில் வித்தியாசம் ஏதும் வருவதில்லை.